‘அப்பத்தா வீடு’ குடும்பக் குழு

செவ்வாய், மாலை 6:12

செல்வி (ராம்நாட்): வெள்ளிக்கிழமை பாப்பா பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. வேலு நாச்சியார் வேஷம். சேலை, நகை எல்லாம் தயார், வாள்தான் இல்லை. இரும்பு, மரம், மூங்கில் எதுவும் கூடாது என்று டைரியில் எழுதி விட்டிருக்கிறார்கள். கடையில் பார்த்த பிளாஸ்டிக் வாளும் நுனி ஊசி மாதிரி இருக்கிறது. யாருக்காவது செய்யத் தெரியுமா?

கீழக்கரை அத்தை: நாச்சியாரா 😍 போட்டோ போடு

பெரியப்பா: நம்ம ஊர்ப் பெண். 1730-இல் ராமநாதபுரம் சேதுபதிக்கு மகளாகப் பிறந்தவர்.

சிவகங்கை மதினி: பிறந்தது உங்கள் ஊர், ஆண்டது எங்கள் ஊர் பெரிய மாமா. 1772-இல் காளையார்கோவிலில் புருஷனைப் பறிகொடுத்து, எட்டு வருஷம் விருப்பாச்சிப் பக்கம் இருந்து படை திரட்டி, 1780-இல் மீட்டது சிவகங்கையைத்தானே.

பெரியப்பா: சரிம்மா, ரெண்டு ஊருக்கும் பெருமைதான். வாளுக்குப் பதில் வளரி கொடுத்தால் என்ன?

செல்வி (ராம்நாட்): வேண்டாம் பெரியப்பா, எறிந்து பார்ப்பாள்

செல்வி (ராம்நாட்): 📷 புகைப்படம்

கீழக்கரை அத்தை: என் கண்ணே பட்டுவிடும் ❤️

சிவகங்கை மதினி: அந்த நெத்திச்சுட்டி நான் காதுகுத்துக்குக் கொடுத்ததா செல்வி? வீடெல்லாம் தேடினேன்.

செல்வி (ராம்நாட்): ஐயோ மதினி, வெள்ளிக்கிழமை முடிந்ததும் கொடுத்துவிடுகிறேன் 🙏

பாம்பன் சித்தப்பா: வாள் நான் செய்து தருகிறேன்

6:40

கீழக்கரை அத்தை: தம்பி, நீயா

செல்வி (ராம்நாட்): சித்தப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள். முனீஸ் புருவத்தில் அந்த மூன்று தையல்.

முனீஸ்: அது நடந்து 6 வருஷம் ஆகிவிட்டது மதினி

கீழக்கரை அத்தை: அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் தெரியும்.

பாம்பன் சித்தப்பா: அன்றைக்குக் கொடுத்தது மூங்கில் சிம்பு அக்கா. நுனியைச் சீவினது நான்தான், மறக்கவில்லை, முனீஸைப் பார்க்கிறபோதெல்லாம் முதலில் அந்தப் புருவத்தைத்தான் பார்க்கிறேன். இந்தத் தடவை உள்ளே கம்பு, கம்பி, ஈர்க்குச்சி, குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எதுவும் கிடையாது. டிவி வந்த அட்டைப்பெட்டி இருக்கிறது, அதில் இரண்டு பட்டை வெட்டுவேன். அட்டைக்குள் நெளிநெளியாக வரி ஓடும் பாருங்கள், அந்த வரி வாளின் நீளத்தோடு ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் பாப்பா ஒரு வீசு வீசினதும் மடிந்துவிடும். இரண்டையும் வெள்ளை ஃபெவிகாலில் ஒட்டி மேலே அம்மிக்கல்லை ஏற்றி வைத்தால் பலகை மாதிரி நிற்கும். அப்புறம் இரண்டு பக்கமும் ஃபோம். சின்னவள் தவழ்ந்த ஏ பி சி டி பாய் பரணில் கிடக்கிறது, விரல் கனம், அதுவே போதும். முக்கியமானது இதுதான்: அட்டை நுனி வரைக்கும் போகக் கூடாது. நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட வேண்டும், அந்த முனையையும் அரைவட்டமாக வெட்டிவிடுவேன். அதற்கு அப்பால் வெறும் ஃபோம், குத்தினால் மடங்கும். ஓரத்திலும் ஃபோம் அட்டையைவிட அரை அங்குலம் வெளியே நிற்கும்.

பெரியப்பா: 👍

முனீஸ்: ஐஸ் பெட்டித் தெர்மாகோல் நிறையக் கிடக்கிறது மாமா, வேண்டுமா?

பாம்பன் சித்தப்பா: வேண்டாம் மாப்ளே. உடைந்தால் மணிமணியாக உதிரும், சின்னப் பிள்ளைகள் வாயில் போடும். செருப்புக் கடைப் பசையோ ஸ்பிரே பெயிண்டோ பட்டால் கரைந்து குழி விழுந்துவிடும். மீன் வாடை வேறு.

கீழக்கரை அத்தை: ஜிகினா ஒட்டு, மேடையில் மின்னும்

பாம்பன் சித்தப்பா: ஜிகினாத் தூள் கண்ணில் விழும் அக்கா. வெள்ளிக் கலர் கிஃப்ட் பேப்பர் சுற்றுகிறேன். பிடிக்கு வலை பின்னுகிற நூல், முடிச்சை உள்ளே தள்ளிவிடுவேன். செல்வி, பிடியோடு சேர்த்து 50 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், நீளம் கூடினால் பக்கத்தில் நிற்கிற பிள்ளை மேல் படும்.

செல்வி (ராம்நாட்): பாப்பா வளைந்த வாள்தான் வேண்டும் என்கிறாள்

பெரியப்பா: நேர் வாள்தான் அழகு

சிவகங்கை மதினி: வளைவு

அப்பத்தா: 🎤 0:38

முனீஸ்: அப்பத்தா சொல்வது: வாளைப் பிள்ளை கையில் கொடுப்பதற்கு முன்னால் சாமி படத்துக்குக் கீழே வைக்க வேண்டுமாம். பாம்பனிலிருந்து வருகிறவர்கள் சீலா மீன் வாங்கி வர வேண்டுமாம்.

செல்வி (ராம்நாட்): எப்படி வந்து சேரும் சித்தப்பா? இவருக்கு வியாழக்கிழமை லீவு கிடைக்காது.

பாம்பன் சித்தப்பா: வாடைக் காற்றில் ஈரம், இங்கே பசை ஒரு ராத்திரியில் காயுமா என்று பார்க்க வேண்டும். காய்ந்தால் வியாழக்கிழமை மதியம் பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை காலை.

செல்வி (ராம்நாட்): காலை 9 மணிக்குப் போட்டி 😟

பெரியப்பா: பார்த்துக்கொள்ளலாம்

புதன், இரவு 10:47

பாம்பன் சித்தப்பா: 📷 புகைப்படம்

பாம்பன் சித்தப்பா: பசை இன்னும் லேசாக ஒட்டுகிறது, ஃபேனுக்குக் கீழே வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு நுனியை இமை மேல் வைத்து அழுத்திப் பார்த்தேன். தலையணை மாதிரி இருக்கிறது. அப்புறம் கன்னத்தில், காதுக்குப் பின்னால். வலது ஓரத்தில் ஒரு இடத்தில் அட்டை தட்டுப்பட்டது, அங்கே மட்டும் பிரித்து மறுபடி ஒட்டினேன்.

கீழக்கரை அத்தை: தம்பி, நுனியை இன்னும் கொஞ்சம் மழுக்கு

பாம்பன் சித்தப்பா: சரி அக்கா. இப்போதே மழுக்குகிறேன்.

சிவகங்கை மதினி: நேராகத்தான் வெட்டியிருக்கிறீர்களா??

முனீஸ்: அப்பத்தா கேட்கிறது, சீலா எத்தனை கிலோ?