மாரிப் பறுவ நிலா: எங்கே நிற்பது, எந்த அந்தி

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து

மார்கழிப் பறுவத்துக்கு, அதாவது பௌர்ணமிக்கு, கடற்கரைக்கு வருகிற பலர் நேர் கிழக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நிலா அங்கே வராது. ஆனி மாதத்தில் சூரியன் எழுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் மார்கழி நிலா எழும். கையை நீட்டி முட்டி பிடித்தால் அது 10 பாகை. கிழக்கிலிருந்து இடப்பக்கமாக இரண்டிலிருந்து மூன்று முட்டி அளந்துகொள்ளுங்கள். இந்த இடமும் 18.6 வருடச் சுற்றில் நகரும். 2025இல் வடக்கு எல்லையில் நின்றது, 2034 அளவில் கிழக்குப் பக்கம் ஒதுங்கியிருக்கும். மட்டக்களப்புக் கரை வடகிழக்கைப் பார்த்துக் கிடப்பதால் எப்படியும் கடலுக்குள் இருந்துதான் எழும்.

நாளைத் தெரிவதில்தான் கூடப் பிழை நடக்கிறது. போயா விடுமுறையை நம்பிப் போகாதீர்கள், பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பூரணைத் திதி முடிகிற நேரம்தான் நிலா முழுதாக நிறைகிற நேரம். அது காலையிலிருந்து பின்னேரத்துக்குள் முடிந்தால் அன்றைய அந்திதான் உங்களுக்குரியது: பொழுது பட்டு ஏறக்குறைய 20 நிமிடத்துக்குள் நிலா வரும். திதி இரவில் முடிந்தால் அன்றைக்குச் சூரியன் இருக்கும்போதே வெளிறிப்போய் எழும், மறுநாள் இருட்டிய பிறகு வரும். திதி முடிந்ததிலிருந்து பொழுது படும்வரை, ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு நிமிடம் பிந்தும் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். பொழுது படுவது டிசம்பர் தொடக்கத்தில் 5.45 அளவில், சனவரி நடுவில் 6 மணி தாண்டி, பெப்ரவரி தொடக்கத்தில் 6.10 அளவில்.

பொழுது பட்டதும் கிழக்கே அடிவானத்தோடு நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழும்பும், அதற்கு மேலே இளஞ்சிவப்பு. அந்தச் சாம்பல் பட்டை பூமியின் நிழல். நிலா அதற்குள்ளிருந்து வருகிற அந்திதான் மிக நல்ல அந்தி. விளிம்பு தெரிந்ததிலிருந்து முழுவட்டமும் கழன்று வர இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. கீழ்ப்பக்கம் நசுங்கின மாதிரி இருக்கும்; அடிவானக் காற்று கீழ் விளிம்பை மேல் விளிம்பைவிடக் கூடுதலாகத் தூக்கிக் காட்டுவதால் அப்படி.

வெல்லாவெளிப் பக்கமிருந்து

திதிக் கணக்கு சரி. ஆனால் நல்ல இருட்டு வேண்டுமென்றால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்கு வாருங்கள். கடல்பக்கத்து எழுவான்கரை ஊர்களின் வெளிச்சம் வாவிக்கு அப்பால் நின்றுவிடும், இங்கே வயல்வட்டை மட்டும்தான்.

மரத்தைக் கவனியுங்கள். வாவிக்கு அக்கரையில் 2 கிலோமீட்டர் தள்ளி நிற்கிற 20 மீட்டர்த் தென்னை அரைப் பாகையை மறைக்கும். அது நிலாவின் முழு அகலம், இரண்டு நிமிடம் பிந்தும், அவ்வளவுதான். அதே தென்னை 100 மீட்டரில் நின்றால் 11 பாகை. முக்கால் மணித்தியாலம் போய்விடும், சிவப்பும் போய்விடும்.

சனவரியில் வேளாண்மை கதிர் தள்ளுகிற காலம், யானை இறங்கும். வரம்பில் தனியாகப் போய் நிற்காதீர்கள். காவல் பரணில் ஆள் இருக்கிற இடமாகப் பார்த்து, கேட்டுக்கொண்டு நில்லுங்கள், கருக்கலுக்கு முன்னமே போய்விடுங்கள். டோச் வெளிச்சத்துக்குச் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். வெள்ளை வெளிச்சம் ஒருதரம் கண்ணில் பட்டால் கண் பழைய இருட்டுக்குத் திரும்ப 20 நிமிடமாவது வேண்டும். வாவி ஓரமாக நிற்பதென்றால் முதலை இருக்கிறது, தண்ணீர் விளிம்பில் இருக்க வேண்டாம்.

காத்தான்குடியிலிருந்து, படம் எடுப்பவர்களுக்கு

போனில் இரவுப் பயன்முறையை நிறுத்திவிடுங்கள். அது பல படங்களை ஒன்றாக்கி நிலாவை வெள்ளைப் பொட்டாக்கிவிடும். திரையில் நிலாவை அழுத்திப் பிடித்து, வட்டத்துக்குள் கறுப்புத் திட்டுகள் தெரிகிற வரைக்கும் வெளிச்சத்தைக் கீழே இழுங்கள்.

கமெராவில் உயர வந்த நிலாவுக்கு ஐஎஸ்ஓ 100, எப் 8, 1/125 செக்கன் போதும். அடிவானத்தில் அது எவ்வளவோ மங்கல். ஐஎஸ்ஓ 400, 1/30 இல் தொடங்கி, நிலா ஏற ஏறக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். ஒரே அளவில் விட்டுவிட்டால் கால் மணித்தியாலத்தில் வெளிறிவிடும். 300 மில்லிமீட்டர் லென்சில் நிலாவின் உருவம் 2.7 மில்லிமீட்டர்தான் விழும். அதனால் ஒரு தோணியையோ தென்னையையோ தூரத்தில் வைத்து, நீங்கள் பின்னுக்குப் போங்கள். எழும்போது பெரிதாகத் தெரிவது கண்ணின் மயக்கம், கமெராவில் அது வராது.

வாடைக்காற்றில் கடல் உப்பு லென்சில் படியும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் துடையுங்கள்.

திருக்கோவிலிலிருந்து

மழையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. மார்கழியில் வாடை மேகத்தைக் கடலிலிருந்தே தள்ளிக்கொண்டு வரும். வானம் தலைக்கு மேல் வெளித்திருந்தாலும் அடிவானத்தில் ஒரு மேகக் கட்டு நிற்கும். கணக்குப்படி வரவேண்டிய நேரத்துக்குப் பிறகு 15 நிமிடமாவது பொறுங்கள், கட்டுக்கு மேலாக எழும்பி வரும். உறுதியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தைப்பூசத்தையும் மாசி மகத்தையும்தான் சொல்வேன். மழை குறையும், காற்றும் தணியும். கடல் கொந்தளிக்கிற நாளில் மணல்மேட்டுக்கு மேலேயே நில்லுங்கள், பறுவத்தில் வற்றுப்பெருக்கும் கூடுதல்.

மறுகா, எழுந்ததும் திரும்பிவிடாதீர்கள். ஒரு மணித்தியாலம் பொறுத்தால் மார்கழி நிலாவுக்கு வலப்பக்கம் இரண்டு முட்டி தள்ளிச் செம்மஞ்சளாகத் திருவாதிரை தெரியும். தைப்பூசத்தில் நிலாவுக்கு மேலே, சற்று இடப்பக்கமாகப் புனர்பூசத்தின் இரண்டு வெள்ளிகள். கார்த்திகைப் பறுவத்தில் அறுமீன் கூட்டம் நிலாவின் ஒளியிலேயே அமிழ்ந்துவிடும். தென்னந்தண்டுக்குப் பின்னால் நிலாவை மறைத்துக்கொண்டு 7×50 இருகண்நோக்கியால் தேடுங்கள். நிலா மேடுபள்ளம் பார்க்க நினைத்தால் பறுவம் உதவாது, அங்கே நிழலே விழாது. எட்டாம் ஒன்பதாம் பிறைக்கு வாருங்கள்.

மார்கழிப் பறுவத்தில் நடுச்சாமம் வரைக்கும் இருப்பவர்கள் தங்கள் நிழலைப் பாருங்கள். அந்த நேரம் நிலா நம் உச்சிக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும், ஆள் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு, வெண்மணலில் விரல் விரலாகப் பிரிந்து தெரிகிற அளவுக்கு.