இரண்டு பக்கமும் வெளிப்பக்கம்: இரட்டைக் குல்லா பின்னியவர்கள் பேசுகிறார்கள்

ஸ்கார்பரோ

பேரனுக்குக் கம்பளிக் குல்லா பின்னப் போய் மாட்டிக்கொண்ட கதை இது. முப்பது வருடங்களாக ஊசி பிடிக்கிறேன். சாதாரணக் குல்லா என்றால் எனக்கு இரண்டு மாலைப் பொழுது போதும். ஆனால் இங்கே கனடாவில், ஜனவரிக் காற்றில் பள்ளி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைக்கு ஒற்றை அடுக்கு காணாது. கண்ணிகளுக்கு இடையே புகுந்து காற்று காதைக் கடிக்கும். அதனால் இரட்டைப் பின்னலில், அதாவது ஒரே ஊசியில் இரண்டு அடுக்குத் துணியைச் சேர்த்துப் பின்னுவதில் இறங்கினேன். ஒரு பக்கம் கருநீலம், திருப்பிப் போட்டால் மஞ்சள்.

செய்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊசியில் கண்ணிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடியில் முதல் கண்ணி முன்துணிக்கு, அடுத்தது பின்துணிக்கு. முதலாவதை நீல நூலால் நிட் (வழவழப்பான முகம் நம் பக்கம் விழும் பின்னல்), இரண்டாவதை மஞ்சள் நூலால் பர்ல் (அதே பின்னல்தான், முகம் மறுபக்கம் விழும்). நிட் போடும்போது இரண்டு நூலும் ஊசிக்குப் பின்னால் இருக்க வேண்டும், பர்ல் போடும்போது இரண்டும் முன்னால். சோம்பலில் ஒன்றை மட்டும் நகர்த்தினால், மற்றது துணியின் முகத்தில் குறுக்குக் கோடாகக் கிடந்து காட்டிக்கொடுத்துவிடும். நிறங்களை இடம் மாற்றிப் பின்னினால் முன்னே மஞ்சள் புள்ளி விழும், பின்னே அதே இடத்தில் நீலப் புள்ளி விழும். இரண்டு துணிகளையும் ஒன்றாகப் பூட்டுவது அந்த இடமாற்றம்தான்.

தலைச் சுற்றளவு 55 சென்டிமீட்டர். பின்னல் 10 சென்டிமீட்டருக்கு 20 ஜோடி வந்தது. தலையைப் பிடித்து நிற்கட்டும் என்று 52 சென்டிமீட்டருக்கு 104 ஜோடி, அதாவது ஊசியில் 208 கண்ணிகள். நேராக 40 சுற்று, பிறகு உச்சி வரை 24 சுற்று. ஒரு நாள் தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன்: ஏறத்தாழ 11,000 கண்ணிகள்! ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பார்கள். இங்கே இரண்டு கல் எறிந்து ஒரு மாங்காய்.

உழைப்பு கூடப் பெரிதில்லை. ஒளித்துவைக்க இடம் இல்லாததுதான் என்னை வாட்டியது. சாதாரணப் பின்னலில் எத்தனை முடிச்சை, எத்தனை தவறை உள்பக்கத்துக்குத் தள்ளியிருக்கிறேன்! இதில் உள்பக்கம் என்று ஒன்றே கிடையாது. இருபதாம் சுற்றில் செய்த பிழையை, முப்பதாம் சுற்றில் தற்செயலாகத் திருப்பிப் பார்த்தபோதுதான் கண்டேன். பத்துச் சுற்றையும் பிரித்தேன்.

அதைவிடப் பெரிய கூத்து இனிமேல்தான். நெற்றியில் பேரனுடைய பெயரின் முதலெழுத்து இருக்கட்டும் என்று கட்டத்தாளில் ‘க’ வரைந்து, அதைப் பார்த்துப் பின்னினேன். நீலப் பக்கத்தில் மஞ்சள் ‘க’ அச்சடித்தது போல வந்தது. மகிழ்ச்சியோடு திருப்பினேன். மஞ்சள் பக்கத்தில் நீல ‘க’ இடவலம் மாறி, எந்த மொழியிலும் இல்லாத ஓர் எழுத்தாக நின்றது. நிறம் மாறும் என்று தெரியும். கண்ணாடிப் பிம்பமாகவும் ஆகும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. இப்படி நடந்தவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?

பெங்களூர்

அக்கா, பேரனின் பெயர் ‘ப’வில் தொடங்கியிருந்தால் தப்பித்திருப்பீர்கள். அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் ‘ப’தான்.

என் கதை சிறியது. இரட்டைப் பின்னல் கற்க ஆசைப்பட்டு, நூல் உருண்டையின் சீட்டில் ‘டபிள் நிட்டிங்’ என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து, இதற்கென்றே செய்த நூல் என்று நம்பி எட்டு உருண்டை வாங்கினேன். அது நூலின் பருமனுக்கு வைத்த பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. 10 சென்டிமீட்டருக்கு 21 முதல் 24 கண்ணி வரக்கூடிய நடுத்தர நூல், அவ்வளவே. எந்தப் பருமனிலும் இரட்டைப் பின்னல் போடலாம். நல்லவேளை, பின்னியது வீணாகவில்லை. ஆனால் இரட்டைப் பின்னல் வழக்கத்தைவிடத் தளர்வாக வரும் என்பதால் 4 மில்லிமீட்டர் ஊசியை விட்டு 3.5க்கு இறங்க வேண்டியிருந்தது.

ரயிலில் பின்னிக்கொண்டிருந்தால், “தம்பி, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்கிறார்கள். ஆண் பின்னினால் அதற்கு ஏதோ துயரக் காரணம் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஒஸ்லோ

கண்ணாடிப் பிம்பப் பிரச்சினையை நான் கோழைத்தனமாகக் கடந்தேன்: இடமும் வலமும் ஒன்றாக உள்ள வடிவத்தையே எடுத்துக்கொண்டேன். இந்த நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. எட்டிதழ் செல்பு ரோஜாவைக் கையுறை, ஸ்வெட்டர் எல்லாவற்றிலும் பார்க்கலாம். ட்ரொண்ட்ஹைம் அருகே உள்ள செல்பு என்ற ஊரில் மாரித் எம்ஸ்தாத் என்ற இளம்பெண் 1857இல் இந்தப் பூவைக் கையுறையில் பின்னியதிலிருந்து தொடங்கிய மரபு என்பார்கள்.

நூலகத்தில் கூடிப் பின்னும் மாலையொன்றுக்கு என் குல்லாவைக் கொண்டுபோனேன். பக்கத்தில் இருந்த முதிய அம்மா குல்லாவைத் திருப்பினார், மறுபடி திருப்பினார், பிறகு விரலால் உள்ளே தேடினார். அவர்கள் வழக்கத்தில் இரு நிறப் பின்னல் என்றால் பயன்படாத நூல் பின்பக்கத்தில் நீளமாக ஓடும். அந்த நூலைத்தான் தேடியிருக்கிறார். “நூல் எங்கே போனது?” என்றார். இல்லை என்றேன். சின்னப் பிள்ளைகளின் விரலும் தோடும் அந்த நூலில்தான் சிக்கும், இது நல்லது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் தன் வயதில் 11,000 கண்ணிக்குப் பொறுமை இல்லை என்று சொல்லிவிட்டார்.

உச்சியில் கண்ணி குறைக்கும் இடத்தில் தடுமாறுபவர்களுக்கு ஒரு குறிப்பு. நீலம், மஞ்சள், நீலம், மஞ்சள் என்று நிற்கும் நான்கையும் அப்படியே சேர்க்க முடியாது. நடுவில் உள்ள இரண்டையும் இடம் மாற்றி, நீலம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், மஞ்சள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரச் செய்யுங்கள். பிறகு நீல ஜோடியைச் சேர்த்து நிட், மஞ்சள் ஜோடியைச் சேர்த்து பர்ல். முதல் தடவை கண்ணி கைநழுவி, கீழே நாலு சுற்று ஓடிவிட்டது. அழுகை வந்தது, உண்மை.

சிக்குக் கோலமும் முயன்றேன். வளைவுகள் எல்லாம் கட்டத்துக்குள் படிக்கட்டாகிவிட்டன. அதைப் பற்றி இதற்கு மேல் பேச விரும்பவில்லை.

குன்னூர்

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கத்தான் வந்தேன். எனக்குத் தெரிந்த இரட்டைக் குல்லாவில் ஒரே நேரத்தில் இரண்டு நூல் கிடையாது. எட்டுக் கண்ணியில் தொடங்கி, உச்சியை விரித்து, நீளமான குழாயாகப் பின்னிக்கொண்டே போக வேண்டியது. பாதியில் நிறத்தை மாற்றலாம். கடைசியில் மறுமுனையையும் உச்சி போலக் குறைத்து மூடிவிட்டால், இரண்டு பக்கமும் மூடிய பை கிடைக்கும். ஒரு முனையை மற்றதற்குள் தள்ளினால் குல்லா. ஓரத்தை மடித்துவிட்டால் காதருகே நான்கு அடுக்கு. உறைபனி விழும் காலையிலும் தாங்கும். முடிச்சு, வால்நூல் எல்லாம் நடுவே மறைந்துவிடும். ஒளித்துவைக்க இடம் இல்லையே என்ற ஸ்கார்பரோ அக்காவின் கவலையும் தீர்ந்தது.

பூவும் எழுத்தும் வேண்டும் என்பவர்கள் உங்கள் வழியிலேயே போங்கள். வெறும் நிறம் போதும் என்பவருக்கு இரட்டைப் பின்னல் எனக்கென்னவோ வீம்பாகத்தான் தெரிகிறது. நிற இடமாற்றமே இல்லாமல் அதைப் பின்னினால், எப்படியும் ஒட்டாத இரண்டு துணிகள்தானே கிடைக்கப்போகிறது?

லண்டன்

துவைத்ததைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் குல்லாவில் சிவப்பு நூல் இயந்திரத்தில் துவைக்கக்கூடியபடி பதப்படுத்தியது. வெள்ளை சாதாரணக் கம்பளி. வாங்கும்போது நிறத்தைப் பார்த்தேன், சீட்டைப் படிக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் இயந்திரத்தில் போட்டதும் வெள்ளை அடுக்கு இறுகிச் சுருங்கியது, சிவப்பு அப்படியே இருந்தது. பூ வேலை செய்த இடங்களில் இரண்டும் பூட்டியிருந்ததால் அங்கே குழி. பூ இல்லாத இடமெல்லாம் உப்பல். மொத்தத்தில் மெத்தை வைத்துத் தைத்த நாற்காலி முதுகு போல ஆயிற்று. போதாக்குறைக்குச் சிவப்புச் சாயம் கசிந்து வெள்ளை இளஞ்சிவப்பாகிவிட்டது. இரண்டு நூலும் ஒரே வகையாக இருக்கட்டும், துவைப்பது குளிர்ந்த நீரில், கையால்.

ஸ்கார்பரோ

குன்னூர்த் தங்கைக்கு: வீம்புதான், மறுக்கவில்லை.

எழுத்துக்கு வழி கண்டுபிடித்தேன். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கட்டத்தாள் வரைந்து, ஜோடியின் ஒவ்வொரு கண்ணிக்கும் அதற்குரிய தாளைப் பார்க்க வேண்டும். சில ஜோடிகளில் இரண்டு கண்ணியும் ஒரே நிறமாக வரும். அப்போது மற்ற நூல் நடுவே மறைந்து ஓடும். செய்யலாம். ஆனால் பாதிக் குல்லாவைப் பிரிக்க மனம் வரவில்லை, அப்படியே முடித்துக் கொடுத்துவிட்டேன்.

பேரன் தினமும் மஞ்சள் பக்கத்தை, அந்தத் திரும்பிய எழுத்தை, வெளியே வைத்துப் போட்டுக்கொண்டு போகிறான். ஏனடா என்றேன். வாசல் கண்ணாடியில் பார்க்கும்போது அவனுக்கு அதுதான் நேராகத் தெரிகிறதாம்.

நேற்றிரவு அவன் தங்கைக்கு 208 கண்ணிகளை ஏற்றிவிட்டேன். இந்த முறை பூ மட்டும்.