இன்சுலின் நின்ற நான்காம் நாள்

எனக்கு இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து 3 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது எடை 118 கிலோ. 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், தினமும் 60 யூனிட் இன்சுலின். பின்னால் எடை நிறையவே குறைந்தது. ஆனால் என்னை அசர வைத்தது அதுவல்ல, அதற்கு முன்பே சர்க்கரை இறங்கியதுதான். நான்காம் நாள் காலை விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், "124தான் அம்மா, இன்றைக்கு ஊசி வேண்டாம்" என்றார். எடையோ 2 கிலோகூடக் குறைந்திருக்கவில்லை.

கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்ததும் ஒரு காரணம் என்றார் டாக்டர். பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். இரைப்பையின் மேல்பகுதியில் முட்டையளவு பை, சுமார் 30 மில்லி. சாப்பாடு முன்சிறுகுடலைத் தொடாமல் நேராகக் கீழே இறங்குகிறது. செரிக்காத உணவு சீக்கிரமே அங்கே போய்ச் சேருவதால், குடலின் கீழ்ப்பகுதிச் செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை அள்ளிச் சுரக்கின்றன. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது, மூளைக்குப் 'போதும்' என்கிறது. இப்போது எல்லோரும் பேசும் எடைக் குறைப்பு ஊசிகள் செய்வதும் இதே ஹார்மோனின் வேலையைத்தான். பித்த அமிலங்களும் குடலில் வாழும் கிருமிகளும்கூட மாறிவிடுகின்றனவாம். வயிற்றைச் சுருக்கித் தைப்பார்கள் என்று மட்டுமே நினைத்துப் போனவள் நான்.

தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அரை டம்ளர் பால் பாயசம் குடித்தேன். பத்தே நிமிடம். ரவிக்கையின் முதுகு முழுக்க வியர்வை, நெஞ்சு படபடப்பு. சமையற்கட்டை ஒட்டிய அறையில் வெறுந்தரையில் படுத்துவிட்டேன். சர்க்கரை மொத்தமாகச் சிறுகுடலில் கொட்டும்போது உடலின் நீரை அங்கே இழுத்துக்கொள்ளுமாம். 'டம்பிங்' என்கிறார்கள். யாராவது வற்புறுத்தினால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு நடந்தது ஸ்லீவ் முறை. குடலை மாற்றவில்லை, இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன், அப்படி எடுத்துவிட்ட மேல்பகுதியில்தான் அதிகம் சுரக்கிறது. மணி இரண்டாகியும் பசிக்காதது முதல் சில மாதங்கள் எனக்குப் பயமாகவே இருந்தது. அரை இட்லியை இருபது நிமிடம் மென்றுகொண்டிருப்பேன். நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பிறகு முளைத்துவிட்டது. ஒன்றரை ஆண்டில் பசியும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. இதை முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன்.

*

என் அம்மாவுக்கும் பைபாஸ்தான். நன்றாக இருக்கிறேன் என்று வைட்டமின் மாத்திரைகளை நிறுத்திவிட்டார். வைட்டமின் பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பில் இருப்பதால் குறைபாடு உடனே தெரியவில்லை. மூன்றாம் ஆண்டில் பாதம் மரத்தது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் தெருமுனை வரை நடந்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் ஓடினோம். ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையைத் தயவுசெய்து விடாதீர்கள்.

*

தம்பி, படித்ததும் மனம் பதறிவிட்டது. இரும்புச்சத்தைப் பெரும்பாலும் உறிஞ்சுவது அந்த முன்சிறுகுடல்தான், பைபாஸ் செய்துகொண்ட எங்களுக்கு உணவு அந்த வழியே போவதே இல்லை. அதையும் சேர்த்துப் பார்த்தார்களா? அம்மாவுக்கு இப்போது பி12 ஊசியாகப் போடுகிறார்களா? பாதத்தில் உணர்ச்சி திரும்பியதா என்று எழுதுங்கள்.