100 ஆட்டத்தில் 55-45: பலமான செஸ் இன்ஜின் எதுன்னு முடிவு பண்ணலாமா?

பாளை_குதிரை: பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஆட்டத்தை அலசிக் காட்ட ரெண்டு இன்ஜின்ல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். 4 கோர், 8 த்ரெட் லேப்டாப். ஆட்டத்துக்கு 1 நிமிஷம், பாண்டர் (எதிராளி முறையிலயும் இன்ஜின் யோசிக்கிறது) ஆன், ஓப்பனிங் கோப்பு (ஆரம்ப நகர்வுகளோட பட்டியல்) இல்லை. 100 ஆட்டத்துல 'அ' 55 புள்ளி, 'ஆ' 45 (டிரான்னா ஆளுக்கு அரைப் புள்ளி). 'அ'தான் பலம்னு எடுத்துக்கலாமா?

பொதிகை64: முடியாது அண்ணாச்சி. 55-45ன்னா சுமார் 35 எலோ (ஆட்டத்திறனை அளக்குற புள்ளி) வித்தியாசம். பாதி ஆட்டம் டிரான்னு வச்சுக்கிட்டாலும் 100 ஆட்டத்துக்குப் பிழை வரம்பு ஏறக்குறைய ±49, அதாவது வித்தியாசத்தைவிட பெருசு. 1000 ஆட்டம் போனாத்தான் ±15க்கு வரும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஓப்பனிங். ஆரம்ப நிலையிலிருந்தே விட்டா இன்ஜின் பெரும்பாலும் அதே நகர்வுகளைத்தான் போடும். பிஜிஎன்னை (ஆட்டங்களோட நகர்வு பதிவான கோப்பு) திறந்து முதல் 15 நகர்வை ஒப்பிட்டுப் பாருங்க, பல ஆட்டம் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கும். ஜெராக்ஸை எண்ணுனா அந்த ±49 கூட நிக்காது. 6-8 நகர்வுள்ள ஓப்பனிங் கோப்பு கொடுத்து, ஒவ்வொண்ணையும் நிறம் மாத்தி ரெண்டு தடவை ஆட விடுங்க. ரெண்டுமே பலமான இன்ஜின்னா, வெள்ளைக்குக் கொஞ்சம் சாய்ஞ்ச ஓப்பனிங்கா எடுங்க. இல்லேன்னா எல்லாம் டிராவுல முடியும். நிறம் மாறுறதால சாய்வு ரெண்டுக்கும் பொது.

கடையம்_யானை: முதல்ல பாண்டரை அணைங்க. எதிராளி முறையிலயும் இன்ஜின் யோசிச்சுக்கிட்டே இருந்தா ரெண்டும் ஒரே நேரத்துல கோர்களுக்குப் போட்டி போடும். ரெண்டுக்கும் 1 த்ரெட், ஒரே அளவு ஹாஷ் (அலசின நிலைகளை நினைவுல வச்சுக்குற இடம்). ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின் தானா 16 எம்பிதான் எடுக்கும், மத்ததுக்கு அளவு வேற. நிஜக் கோர் 4தான், அதனால ஒரே நேரத்துல 3 ஆட்டத்துக்கு மேல வேண்டாம்.

பலரும் கவனிக்காம விடுறது பில்ட், அதாவது எந்த வகை ப்ராசஸருக்குத் தயாரான கோப்புங்கிறது. என்என்யுஇ (நரம்பு வலைப்பின்னலை வச்சு நிலையை மதிப்பிடுற) இன்ஜினை ஏவிஎக்ஸ்2 (ப்ராசஸரோட வேகக் கட்டளைகள்) இல்லாத பில்டா இறக்கியிருந்தா வேகம் நல்லாவே விழும், பழி இன்ஜின் மேல வரும். பெஞ்ச் (வேகத்தை அளக்குற) கட்டளை கொடுத்து விநாடிக்கு எத்தனை நிலைன்னு பாருங்க.

அக்னி நட்சத்திர வெயில்ல லேப்டாப் சூடாகி கிளாக் இறங்கும். டர்போவை அணைச்சிட்டா வேகம் ஒரே சீரா இருக்கும். கரண்டு போய் பேட்டரிக்கு மாறுனாலும் இதே கதை. 1 நிமிஷம் மட்டும் வச்சா நேரம் தீர்ந்து தோக்குறது கலந்துடும். ஃபிஷ்டெஸ்ட்ல (ஸ்டாக்ஃபிஷ் மாற்றங்களைச் சோதிக்கிற தளம்) வைக்கிற மாதிரி 10 விநாடி, ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலா 0.1 விநாடி வைங்க.

பாளை_குதிரை: சரிங்க. 'அ' முன்னால போனதும் நிறுத்திக்கலாமா, 1000 வரை ஓடணுமா?

பொதிகை64: பிடிச்ச இடத்துல நிறுத்துறதுதான் எல்லாத்தையும்விட மோசமான பாரபட்சம். எஸ்பிஆர்டி (எப்போ நிறுத்தணும்னு கணக்குப் போட்டுச் சொல்லுற சோதனை) போடுங்க: கீழ் எல்லை 0 எலோ, மேல் எல்லை 10, ஆல்ஃபா பீட்டா (தப்பா முடிவெடுக்குற ரெண்டு வகை வாய்ப்பு) ரெண்டும் 0.05. எல்எல்ஆர் (சோதனை காட்டுற ஆதாரக் கணக்கு) 2.94ஐத் தொட்டா 'அ' தேறும், -2.94ன்னா தேறாது. எல்லையை ஆரம்பிக்கும் முன்னாடியே எழுதி வச்சுடுங்க, நடுவுல மாத்தாதீங்க.

கடையம்_யானை: ஒண்ணு விட்டுப்போச்சு. பிள்ளைகளுக்கு ஒரு நிலையை அரை நிமிஷம் யோசிக்க விட்டுத்தானே காட்டுவீங்க? அப்போ 60 விநாடி, நகர்வுக்கு 0.6 விநாடின்னும் ஒரு சுற்று ஓட்டுங்க. அவசரத்துல ஜெயிக்கிறது நிதானத்துலயும் ஜெயிக்கணும்னு இல்லை.