சங்கத்துல மகளிர் கமிட்டி நெஜமா இன்னா பண்ணுது? பாத்தத, பட்டத எழுதுங்க

தண்டையார்பேட்டை அக்கா:
எல்லாரும் ஒரே சந்தா தானே கட்றோம், அப்புறம் பொம்பளைங்களுக்கு எதுக்கு தனியா கமிட்டினு போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டா. எங்க கார்மெண்ட்ஸ் யூனிட்ல நடந்தத சொல்றேன். சம்பள ஒப்பந்தம் வரப்போ கோரிக்கை லிஸ்ட்டு போடுவாங்க இல்ல, அதுல இன்கிரிமெண்ட், போனஸ், ஓவர்டைம் காசு எல்லாம் மேல இருக்கும், பாத்ரூம் கடைசில ஒரு வரி, பேச்சுவார்த்தைனு உக்காந்தா மொதல்ல விட்டுக்குடுக்கறதும் அதைத்தான். உக்கார்றவங்க எல்லாம் ஆம்பளைங்க. கெட்டவங்கனு சொல்லல, அவங்களுக்கு அது ஒரு பிரச்சினையாவே படல.

எங்க லைன்ல டோக்கன் சிஸ்டம். சூப்பர்வைசர் டேபிள் பக்கத்துல ஆணில ஒரு செவப்பு பிளாஸ்டிக் டோக்கன் தொங்கும், அத எடுத்துகினு தான் பாத்ரூம் போவணும், ஒருத்தி திரும்பி வந்து மாட்டுனா தான் அடுத்தவ எழுந்திரிக்கலாம், பீரியட்ஸ் நேரத்துல கூட அதே கதை. பாதி பேரு காலைலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க, நீர்க்கடுப்புனு ஸ்டான்லி ஆஸ்பத்திரி க்யூல போய் நின்னா நம்ம லைன் ஆளுங்களே முன்னாடி நிப்பாங்க. கமிட்டி கோஷம் எல்லாம் போடல. பீஸ் கணக்கு எழுதுற நோட்டுல பின்பக்கம், எத்தினி மணிக்கு டோக்கன் கேட்டோம் எத்தினி மணிக்கு கெடச்சுதுனு எழுதிகினே வாங்கனு சொன்னாங்க. அத்தோட பேச்சுவார்த்தைல பொம்பளைங்களும் உக்காரணும்னு சங்க நிர்வாகிங்க கிட்டயே சண்ட போட்டாங்க, மேனேஜ்மெண்ட் கூட போட்ட சண்டைய விட அதான் பெருசு. அன்னிக்கு ஓவர்லாக் அடிக்கிற அக்கா ஒருத்தங்க நோட்ட பிரிச்சு, பத்தேகாலுக்கு கேட்டேன் பன்னெண்டே முக்காலுக்கு கெடச்சுது, ரெண்டு மணிக்கு கேட்டேன் ஷிஃப்ட்டு முடியறவரைக்கும் கெடைக்கலனு ஒன்னொன்னா படிச்சாங்க. எச்.ஆர் சாரு ஃபேன பாத்துகினு இருந்தாரு. டோக்கன் போச்சு. டார்கெட் அப்டியே தான் கீது, அது வேற கதை.

மீட்டிங் டைம மாத்துனதும் இவங்க தான். சாயந்திரம் ஆறரைக்கு வெச்சா யாரு வருவா, அடுப்பு யாரு பாப்பா? இப்ப ஞாயித்துக்கெழம மீன் கொழம்பு எல்லாம் முடிச்சுட்டு மூணு மணிக்கு மேல, யார் வூட்டு மொட்ட மாடிலயாவது நடக்குது. 1918-ல இந்தியாவுலயே மொத மொதல்ல முறையா சங்கம் வெச்சது நம்ம பெரம்பூர் பின்னி மில்லு ஆளுங்க, வாடியா, திரு.வி.க.னு அந்த சங்கத்து தலைவருங்க பேர சொல்லி மேடைக்கு மேட பேசுறாங்க, பெரும தான், ஒத்துக்கறேன். ஆனா நூறு வருஷம் தாண்டியும் மேடையில பொம்பளைக்கு குடுக்கறது வரவேற்புரையும் நன்றியுரையும் தான்.

எம்.சி.ரோடு:
நான் ஜவுளிக்கடை. கடையில வேலை செய்றவங்களுக்கு உக்கார சேர் குடுக்கணும்னு 2021-ல தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு. எங்க கடையிலயும் ஸ்டூல் வாங்குனாங்க, வாங்கி குடோன்ல அடுக்கிட்டாங்க. கமிட்டி அக்காங்க ஆடித் தள்ளுபடி நேரத்துல கஸ்டமர் மாதிரி வந்து, அந்தப் பொடவய எடு இந்தப் பொடவய எடுனு ஒரு மணி நேரம் சுத்தி, எந்தெந்த செக்‌ஷன்ல ஸ்டூலே இல்லனு குறிச்சுகிட்டு போய் லேபர் ஆபீஸ்ல மனு குடுத்தாங்க. (ஒரு அக்கா நெஜமாவே ரெண்டு பொடவ எடுத்துட்டாங்க, நல்ல டிஸ்கவுண்ட்டாம்.) இப்ப ஸ்டூல் இருக்கு. ஃப்ளோர் மேனேஜர் அந்தப் பக்கம் வந்தா மட்டும் எல்லாருக்கும் கால் தானா நிமிந்துக்கும்.

வியாசர்பாடி தோழர்:
ஒரு விஷயம் நிறைய பேரு கொழப்பிக்கிறாங்க. சங்கத்து மகளிர் கமிட்டி வேற, பாலியல் தொல்லை புகாருக்கு கம்பெனி அமைக்க வேண்டிய உள்ளகக் குழு வேற. 2013 சட்டப்படி 10 பேரு வேலை செஞ்சாலே அந்தக் குழு இருக்கணும், தலைமை பொம்பளையா இருக்கணும், வெளியாள் ஒருத்தர் இருக்கணும். சம்பவம் நடந்து 3 மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், விசாரணைய 90 நாள்ல முடிக்கணும்.

நம்ம வேலை அந்தப் பொண்ணு கூட நிக்கறது. எங்ககிட்ட வந்த பொண்ணு மொதல்ல ‘தப்பா நடந்துகிட்டாரு’னு ஒரே வரி எழுதியிருந்துச்சு. கமிட்டி அக்கா அத கிழிச்சிட்டு, பக்கத்துல உக்காந்து, எந்த தேதி, எந்த எடம், அவன் என்ன சொன்னான், யாரு பாத்தானு கேட்டு கேட்டு எழுத வெச்சாங்க, நடுவுல ரெண்டு தடவ டீ, ஒரு தடவ அழுக. கஷ்டம் எங்க வந்துச்சுன்னா அந்த ஆளும் நம்ம சங்கத்து ஆளு. நிர்வாகி ஒருத்தரு, தோழர், நம்ம பையன் தான், கூப்ட்டு கண்டிச்சு வுட்றலாம், வெளிய போனா சங்கத்துக்கு கெட்ட பேருன்னாரு. அப்டினா நாளைக்கு சந்தா கேட்டு பொண்ணுங்க மொகத்துல நான் எப்டி முழிக்கறதுனு அக்கா கேட்டாங்க. புகார் உள்ளகக் குழுவுக்கு போச்சு, விசாரணை நடந்துச்சு, அவன வேற யூனிட்டுக்கு மாத்துனாங்க. அந்தப் பொண்ணும் கொஞ்ச மாசத்துல வேலைய விட்டுடுச்சு. ஜெயிச்சோம்னு எழுத எனக்கு மனசு வரல.

ஓட்டேரி:
2025 ஆகஸ்ட்ல ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத்துல குப்பை வேலைய தனியாருக்கு குடுத்தப்போ ரிப்பன் மாளிகை வாசல்ல தூய்மைப் பணியாளருங்க உக்காந்தாங்களே, பாதிக்கு மேல பொம்பளைங்க. எங்க கமிட்டிலேர்ந்து சாம்பார் சாதமும் நாப்கின் பாக்கெட்டும் எடுத்துட்டு போனோம். சாப்பாட்ட நிறைய பேரு கொண்டாந்திருந்தாங்க, நாப்கின் தான் வெச்ச எடம் தெரியாம தீந்துச்சு.

புளியந்தோப்பு மல்லி:
அக்கா எங்கம்மா வூட்டு வேலை செய்றாங்க, அங்க ஏது கம்பெனி ஏது குழு, எங்க போறது?

வியாசர்பாடி தோழர்:
10 பேருக்கு கம்மியா இருக்கற எடம், வூட்டு வேலை, இதுக்கெல்லாம் கலெக்டர் ஆபீஸ் மூலமா மாவட்ட அளவுல ஒரு குழு இருக்கும்மா. ராஜாஜி சாலை, சிங்காரவேலர் மாளிகை, பீச் ஸ்டேஷன்ல எறங்கி நடந்துடலாம். அம்மாவ தனியா அனுப்பாத. எழுதறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு கூட்டிட்டு வா.