முத்தியால்பேட்டை குடும்பம் (10 பேர்)

வியாழன், மாலை 6.42

பெரியப்பா: அனைவருக்கும் மாலை வணக்கம். நாளை மறுநாள் சனிக்கிழமை காலை 8 மணிக்கு நம் புதுச்சேரி–ஹவுரா வாராந்திர வண்டிக்கு முன்பதிவு திறக்கிறது. முன்பு 120 நாள் இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். பொங்கல் கழித்து, தை மாதத்தில் கல்கத்தா என்று போன தீபாவளிக்கே பேசினோம். என் கணக்குப்படி வருபவர்கள்: நான், லாஸ்பேட்டை மூவர், கடலூரில் மஞ்சக்குப்பம் இருவர், ஓ.டி. என்கிற பழைய நகரம் மூவர். மொத்தம் 9. மாற்றம் இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லவும். பிறகு சொன்னால் நான் பொறுப்பல்ல.

சித்தப்பா: வணக்கம் அண்ணே. 9 சரி.

அத்தை: காளிகாட் உண்டுதானே அண்ணா? கார்த்திக்கு வேலை கிடைத்ததுக்கு வேண்டுதல் பாக்கி. மூணு வருஷம் ஆச்சு.

கார்த்தி: அந்த வேலையை விட்டே ஒரு வருஷம் ஆச்சும்மா.

அத்தை: வேண்டுதல் வேண்டுதல்தான்.

மாமா: மச்சான், உல்லம் மீன் அங்கதானே விசேஷம்?

அத்தை: போற காரியம் சாமி தரிசனம். இவருக்கு மீன்.

சித்தி: சமையல் எல்லாம் கடுகு எண்ணெயாமே. எனக்கு அந்த வாசனையே ஆகாது. புளிசாதம் கட்டிக்கலாமா?

அம்மா: எத்தனை நாளைக்கு?

சித்தி: ரயிலுக்கு மட்டும்

பெரியம்மா: சாப்பிட வாங்க. தோசை ஆறுது.

சித்தப்பா: அண்ணி, இது குடும்பக் குழு. அண்ணன் மாடியிலதானே இருக்காரு?

பெரியம்மா: கூப்பிட்டா காதுல விழல. இதுல போட்டா விழும்.

7.30

பெரியப்பா: வண்டி புதுச்சேரியிலிருந்தே கிளம்புகிறது. ஒன்றரை நாள் பயணம். அனைவரும் முதல் நாள் இரவே முத்தியால்பேட்டை வந்துவிடவும்.

சித்தப்பா: நாங்க எதுக்கு அங்க வரணும்? விழுப்புரத்துல ஏறிக்கிறோம்.

பெரியப்பா: எல்லோரும் ஒன்றாக ஏற வேண்டும். தனித்தனியாக ஏறினால் பெட்டி கணக்கு தவறும்.

சித்தப்பா: கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல 22 கிலோமீட்டர். அதுக்கு ரயில் கிடையாது. ஹவுராவுக்கு இருக்கு. பெட்டியைத் தூக்கிட்டு பஸ்ல நின்னுட்டு வரணும்.

மாமா: கார் வெச்சுக்கலாம்.

சித்தப்பா: யார் காசுல?

அத்தை: ஆரம்பிச்சாச்சு.

சித்தப்பா: ஆரம்பிக்கல அக்கா. பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, அதுல கழிச்சுக்கலாம்னு சொல்றேன். 2011 கடைசியில டெல்லிக்கு டிக்கெட் போட்டோம். டிசம்பர் 30 தானே புயல். டிக்கெட்டை ரத்து பண்ணினோம். பணம் யார் கணக்குக்குத் திரும்பி வந்தது?

பெரியப்பா: அந்தப் பணத்தில்தான் அம்மாவின் வீட்டு ஓடு மாற்றப்பட்டது என்று 2012, 2015 மற்றும் போன தீபாவளியன்றும் விளக்கியாயிற்று.

சித்தப்பா: ஓடு மாத்தினது என் காசுல. நீங்க மாத்தினது திண்ணைக்கு.

அப்பா: விடுடா.

அம்மா: இவர் குழுவில இருக்காரா!

மாமா: அந்தப் புயல்ல பண்ருட்டியில எங்க மூணு பலாவும் போச்சு. டெல்லியும் போச்சு. இந்தத் தடவையாவது போவோம்.

அத்தை: பாலசோர் வழியாதானே போகுது வண்டி? 2023-ல அங்கதானே அந்த விபத்து. எனக்கு நினைச்சாலே படபடங்குது.

கார்த்தி: அதே வழிதான்மா, வேற வழி கிடையாது. நீ தூங்கிட்டு இரு. ஒடிசாவுல சிலிகா ஏரி ஓரமாவே போகும், அப்ப எழுப்புறேன்.

இரவு 8.25

பெரியப்பா: திட்டம் அனுப்புகிறேன், பொறுமையாகப் படிக்கவும். ஹவுரா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே பாலம். 1943-ல் திறந்தது. 26,500 டன் எஃகு. நட்டு போல்ட் ஒன்றுகூடக் கிடையாது, முழுக்க ரிவிட். ஆற்றுக்குள் ஒரு தூண் இல்லை. 1965-ல் ரவீந்திர சேது என்று பெயர் வைத்தார்கள், ஆனால் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அதில் ஒரு வெட்கக்கேடு என்னவென்றால், போகிறவர் வருகிறவர் வெற்றிலை எச்சிலைத் துப்பித் துப்பியே கம்பங்களின் அடியில் இரும்பு அரித்துப்போய், ஃபைபர் உறை மாட்ட வேண்டியதாயிற்று.

சித்தப்பா: இதை அம்மாகிட்ட படிச்சுக் காட்டுங்க அண்ணே.

நான்: ஆயா எச்சில் படிக்கத்துல மட்டும்தான் துப்புவாங்க சித்தப்பா

சித்தப்பா: நம்ம வீட்டுத் தென்னைமரத்தைக் கேளு

பெரியப்பா: குறுக்கே பேச வேண்டாம். பாலத்தை நடந்தே கடப்போம். திரும்பும்போது மெட்ரோ. இந்தியாவின் முதல் மெட்ரோ கல்கத்தாவில்தான், 1984. இப்போது ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே ஓடுகிறது, 2024 மார்ச்சில் திறந்தார்கள். ஆற்றைக் கடக்க முக்கால் நிமிடம்.

அத்தை: ஆத்துக்கு அடியிலயா!!

சித்தி: நான் பாலத்துலயே வரேன். ரெண்டு தடவையும்.

கார்த்தி: ஒரு விஷயம் மாமா. எஸ்பிளனேடுல மாறினா காளிகாட்டும் தட்சிணேஸ்வரமும் ஒரே லைன்தான். ஒரே நாள்ல முடிச்சிடலாம். மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால காலையில காளிகாட், சாயங்காலம் தட்சிணேஸ்வரம். அங்கிருந்து பேலூர் மடத்துக்குப் படகும் உண்டு.

பெரியப்பா: தட்சிணேஸ்வரம் 1855-ல் ராணி ராசமணி கட்டியது. பரமஹம்சர் அங்கேதான் பூஜை செய்தார்.

அத்தை: படகா. லைஃப் ஜாக்கெட் தருவாங்களா?

பெரியப்பா: திங்கட்கிழமை விக்டோரியா நினைவகத்தின் உள்ளே காட்சியகமும் இந்தியன் மியூசியமும் விடுமுறை. தாஜ்மகாலுக்கு எடுத்த அதே மக்ரானா பளிங்கில் கட்டியது விக்டோரியா நினைவகம், 1921-ல் திறந்தது. மியூசியம் 1814-ல் தொடங்கியது. ஆகவே திங்கட்கிழமையைச் சந்திரநாகூருக்கு வைத்திருக்கிறேன்.

மாமா: அது யாரு?

பெரியப்பா: ஊர் மாப்பிள்ளை, ஊர். நம்மைப் போலவே பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர். ஹவுராவிலிருந்து லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம். நம்ம டூப்ளே இங்கே கவர்னராக வருவதற்கு முன்னால் அங்கேதான் இருந்தான். அவர்கள் 1950-லேயே இந்தியாவுடன் சேர்ந்துவிட்டார்கள். நமக்கு 1954 நவம்பர் 1 ஆயிற்று. ஆற்றங்கரையில் ஸ்ட்ராண்ட் என்று ஒரு சாலை, நம் பீச் ரோடு மாதிரியே நடக்கலாம்.

சித்தப்பா: பீச் ரோடு மாதிரி ஒண்ணைப் பார்க்க 1,800 கிலோமீட்டர் போறோம்.

அம்மா: அந்த ஊர்ல ஜல்பரான்னு ஒரு ஸ்வீட். சந்தேஷ் உள்ள பாகு இருக்கும். கடிச்சா சட்டையில ஊத்தும். யூடியூப்ல பார்த்தேன்.

மாமா: அது போதும். நான் வரேன் சந்திரநாகூர்.

8.50

சித்தி: கடலூர் மாவட்டத்துல நாளைக்கு ஸ்கூல் லீவு. கலெக்டர் அறிவிப்பு. பலமுறை பகிரப்பட்டது.

நான்: சித்தி இது போன வருஷம் ஃபெஞ்சல் அப்ப வந்தது. தேதி பாருங்க.

சித்தி: அப்படியா. பக்கத்து வீட்டுல பிள்ளைகளைத் தூங்கவிட்டுட்டாங்களே.

மாமா: கெடிலத்துல தண்ணி வந்தாச்சா?

சித்தப்பா: இன்னும் பாலத்துக்குக் கீழ நாணல்தான் தெரியுது. இங்க தூறல். அங்க?

அப்பா: மழை.

9.05

பெரியப்பா: பேச்சு எங்கோ போய்விட்டது. நான் சொல்ல வந்தது, இது வெறும் சுற்றுலா அல்ல. அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து கிளம்பி, சந்திரநாகூரில் மறைந்திருந்து, 1910 ஏப்ரல் 4-ல் கப்பலில் நம் ஊருக்கு வந்து இறங்கினார். அவர் வந்த வழியில் நாம் திரும்பிப் போகிறோம். அதற்கு முன்பே நம் பாரதியார் 1906 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டுக்குக் கல்கத்தா போனார். தாதாபாய் நௌரோஜி தலைமை. அப்போது டம்டமில் சகோதரி நிவேதிதையைப் பார்த்தார். அந்த ஒரு சந்திப்பில் அந்த மனிதரே மாறிப்போனார். அவரைத் தன் குரு என்றே எழுதியிருக்கிறார். பணியில் இருந்தபோது இதை மட்டும் ஒரு பீரியட் முழுக்க நடத்துவேன்.

நான்: பெரியப்பா ஒரு சந்தேகம்.

பெரியப்பா: கேள் அம்மா.

நான்: அந்தச் சந்திப்புல நிவேதிதை பாரதியார்கிட்ட என்ன கேட்டாங்க?

பெரியப்பா: பல விஷயம் பேசினார்கள்.

கார்த்தி: எனக்கும் தெரியாது மாமா. சொல்லுங்க.

அம்மா: பெரியப்பா எழுதிக்கொண்டிருக்கிறார்னு அஞ்சு நிமிஷமா காட்டுது.

பெரியப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

சித்தப்பா: நான் சொல்லட்டுமா அண்ணே? எனக்குப் பத்தாவதுக்கு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க. பொண்டாட்டியை ஏன் கூட்டிட்டு வரலைன்னு கேட்டாங்க.

அத்தை: அட, ஆமா! 9 பேர்ல அண்ணி இல்லை! நான் கவனிக்கவே இல்லையே.

சித்தி: நானும்தான் அக்கா.

பெரியப்பா: அவளுக்கு முட்டி வலி. பாலம், படி என்று அலைய முடியாது. தவிர, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மோட்டார் போட வேண்டும். எல்லாம் யோசித்துத்தான் முடிவு செய்தேன்.

பெரியம்மா: ம்

9.24

பெரியம்மா: முட்டி வலின்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. வலி அவருக்கு. தைலம் தேய்க்கிறது நான். கல்யாணம் ஆகி 38 வருஷத்துல நான் தாண்டின பெரிய ஆறு தென்பெண்ணைதான். அதுவும் ஓ.டி. வீட்டு வளைகாப்புக்கு. ஹவுரா பாலத்தை வாத்தியார் சொல்லிச் சொல்லி எனக்கு எத்தனை டன்னுன்னு தூக்கத்துல கேட்டாலும் தெரியும். திவ்யா, என் ஆதார் பீரோவுல ரெண்டாவது தட்டு, பட்டுப்புடவைக்கு அடியில இருக்கு. நாளைக்குக் காலேஜ் விட்டு வரும்போது வந்து போட்டோ எடுத்து கார்த்திக்கு அனுப்பு.

நான்: வரேன் பெரியம்மா

கார்த்தி: அத்தை 10. குறிச்சாச்சு.

அம்மா: அக்கா, என்கிட்ட முட்டிக்குப் போடுற பெல்ட் ஒண்ணு இருக்கு.

பெரியம்மா: அவருக்குக் கொடு.

சித்தப்பா: அண்ணே இருக்கீங்களா?

பெரியப்பா: இருக்கிறேன். நல்லது. எனக்கு என்ன ஆட்சேபம்? அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

9.31

9.38

பெரியப்பா: ஒன்பது பேரும் பார்த்துவிட்டீர்கள் என்று நீலமாகக் காட்டுகிறது.

அத்தை: எனக்கு வேண்டுதல் இருக்கு அண்ணா. இல்லேன்னா நான் இருந்திருப்பேன்.

சித்தி: எங்க வீட்டுல கொண்டுவந்து விடலாம்தான், ஆனா நாங்களும் வரோமே.

சித்தப்பா: ஆளு போட்டுக்கலாமா?

பெரியப்பா: யார் காசில்?

பெரியம்மா: (குரல் செய்தி, 0.47)

கார்த்தி: பஸ்ல இருக்கேன், கேட்க முடியல. யார் பேசுறது, ஆயாவா?

அம்மா: ஆயாதான். பின்னாடி டிவி சத்தம்.

கார்த்தி: என்ன சொல்றாங்க?

நான்: ஆயாவை யாரும் கேட்கவே இல்லையாம். கங்கையில ஒரு முழுக்குப் போடணுமாம். அது காசிக்குப் போனாத்தான்னு இல்லையாம், கல்கத்தாவுலயும் கங்கைதானாம், டிவியில சொன்னாங்களாம்.

அப்பா: சரிதான். ஹூக்ளி கங்கையோட கிளைதான்.

அத்தை: 84 வயசு!

சித்தப்பா: பாலத்துக்கு இன்னொரு ஃபைபர் உறைக்குச் சொல்லிடலாம்.

நான்: கடைசியா பத்து விநாடி சித்தப்பாவைத்தான் திட்டுறாங்க, முழுசாக் கேளுங்க

மாமா: கேட்டேன். ஓடு விஷயத்தையும் சொல்றாங்க. ரெண்டு பேரும் மாத்தலையாம். மருமகளோட சீட்டுப் பணமாம்.

சித்தப்பா: எந்த மருமக?

பெரியம்மா: தூங்கப் போறேன்.

9.55

கார்த்தி: இறங்கிட்டேன். கணக்கு பாருங்க. ஆயாவும் வந்தா 11. ஒரு டிக்கெட்டுல 6 பேர்தான் போட முடியும். ஆனா சீனியருக்கான லோயர் பெர்த் கோட்டா வேணும்னா ஒரு டிக்கெட்டுல தனியாவோ ரெண்டு பேராவோதான் இருக்கணும். கூட்டத்தோட போட்டா அது வராது. அதனால ஆயாவும் முத்தியால்பேட்டை அத்தையும் ஒரு டிக்கெட். மத்த 9 பேரை ரெண்டாப் பிரிச்சுக்கலாம்.

பெரியப்பா: எனக்கும் 66 ஆகிறது. எனக்கு லோயர்?

கார்த்தி: அது வர்றதைப் பொறுத்து மாமா.

பெரியப்பா: முதியோர் சலுகையையும் 2020-லேயே எடுத்துவிட்டார்கள். படுக்கையும் மேலேயா?

பெரியம்மா: முட்டிக்கு பெல்ட் போட்டுக்கிட்டு ஏறுங்க.

அம்மா: அக்கா தூங்கலையா!

கார்த்தி: ஸ்லீப்பரா, மூணாவது ஏசியா? அதை இன்னும் யாரும் சொல்லலை. ஆயா வராங்கன்னா ஏசி நல்லது.

சித்தப்பா: குளிர்காலத்துல எதுக்கு ஏசி?

சித்தி: ஏசி.

சித்தப்பா: வீட்ல பேசிட்டுச் சொல்றேன்.

மாமா: உல்லம் பத்தி யாரும் பதில் சொல்லலை.

கார்த்தி: அது மழைக்கால மீன் அப்பா. ஜனவரியில கிடைச்சா ஐஸ்ல வெச்சதுதான்.

மாமா: அப்ப எதுக்கு ஜனவரியில போறோம்?

பெரியப்பா: சனிக்கிழமை காலை 7.45-க்கு அனைவரும் இணையத்தில் இருக்கவும். ஏசியா ஸ்லீப்பரா என்பதை நாளைக்குள் முடிவு செய்யவும். விழுப்புரமா புதுச்சேரியா என்பதையும். அம்மா விஷயமாக மருத்துவரிடம் நாளை கேட்கிறேன். பிறகு, மோட்டார் யார் போடுவது?

10.20

சித்தி: லீவாம்! இது இன்னைக்குத் தேதிதான், திவ்யா பார்த்துச் சொல்லு.

நான்: ஆமா சித்தி, இது நிஜம். பாண்டிக்கு?

மாமா: பாண்டிக்கு இன்னும் சொல்லலை.

அப்பா: சொல்லிடுவாங்க.