எஸ்சிவிஹோஸ்ட் சிஸ்டம் ஃபைலா, வைரஸா? அவசரம்

மன்னை ஜெராக்ஸ்:
வணக்கம். கடை கம்ப்யூட்டர் காலையிலிருந்து ஆமையாக நகர்கிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் எஸ்சிவிஹோஸ்ட் என்று ஒன்று சிபியுவில் முக்கால்வாசியைத் தின்கிறது. எண்ட் டாஸ்க் கொடுத்தால் போகிறது, ஒரு நிமிடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. டெலிட் பண்ணலாமா? பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்குகிறது, வாசலில் சிட்டா அடங்கலோடு பதினைந்து பேர் நிற்கிறார்கள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லவும்.

குடமுருட்டி:
என்ன விண்டோஸ்? ரேம் எவ்வளவு? ஆன்டிவைரஸ் என்ன? ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது? எதுவுமே சொல்லாமல் கேட்டால் எப்படி சார்.

பழைய மானிட்டர்:
இதே கேள்விக்குப் பதில் எழுதி எழுதி விரல் தேய்ந்துவிட்டது. எஸ்விசிஹோஸ்ட் விண்டோஸின் சொந்த ஃபைல். அப்டேட், ஆடியோ, டிஎன்எஸ் மாதிரி பின்னணியில் நடக்கிற, டிஎல்எல் ஃபைலாக இருப்பதால் தனியாக ஓட முடியாத சர்வீஸ்களுக்கு இடம் கொடுப்பதுதான் அதன் வேலை. 2017இல் வந்த விண்டோஸ் 10, 1703 பதிப்பிலிருந்து, ரேம் 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட் ஓடும். ஐம்பது அறுபது தெரிந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. டெலிட் செய்தால் விண்டோஸே படுத்துவிடும். கேட்பதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்க்கப் பழகுங்கள் தம்பி.

வெட்டாறு வயர்மேன்:
யூபிஎஸ் பேட்டரி மாற்றி எத்தனை வருஷம்? உங்கள் பக்கம் மோட்டார் எல்லாம் ஓடுகிற நேரத்தில் வோல்ட்டேஜ் என்ன காட்டுகிறது? நான் பார்த்த ஸ்லோ கம்ப்யூட்டரில் பாதி எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே இருக்கிற பவர் சப்ளை கோளாறுதான்.

குடமுருட்டி:
அண்ணே, வோல்ட்டேஜ் குறைந்தால் மிஷின் அணையும். பெயர் வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரில் வந்து நிற்காது.

மன்னை ஜெராக்ஸ்:
விண்டோஸ் 10, 4 ஜிபி. ஆன்டிவைரஸ் விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர்தான். ஆனால் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரை அது அடிக்கடி பிடித்துத் தள்ளியதால் போன மாதம் ஆஃப் பண்ணி வைத்தேன்.

டிகிரி காபி:
இன்னுமா தனி சாஃப்ட்வேர்? விண்டோஸ் 10இலேயே தமிழ்99 கீபோர்டு இருக்கிறது. 2010இலேயே அரசு யூனிகோடுக்கு ஆணை போட்டாயிற்று.

கடைமடை டிடிபி:
ஆணை போட்டவர் வந்து என் பழைய டிசைன் சாஃப்ட்வேர் பேஜ்மேக்கரில் யூனிகோடு தமிழ் அடித்துக் காட்டட்டும். பத்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் யூனிகோடு இல்லாத பாமினி ஃபான்ட்டில் கிடக்கிறது. கார்த்திகை முகூர்த்தம் நெருங்கும்போது உட்கார்ந்து கன்வர்ட் பண்ணச் சொல்கிறீர்களா?

டிகிரி காபி:
இப்படியே சொல்லிக்கொண்டிருங்கள். அந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படிக்கிறவருக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

கடைமடை டிடிபி:
அதற்குத்தான் பிடிஎஃப் என்று ஒன்று இருக்கிறது.

அரசலாறு:
ஒரு நிமிடம். அவர் எழுதியதை யாராவது சரியாகப் படித்தீர்களா? எஸ்-வி-சி இல்லை, எஸ்-சி-வி. தலைப்பிலும் அப்படித்தான். மன்னை சார், நீங்கள் மாற்றி அடித்தீர்களா, அங்கேயே அப்படி இருக்கிறதா? அந்தப் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து ஓபன் ஃபைல் லொகேஷன் கொடுங்கள். அசல் எஸ்விசிஹோஸ்ட் என்றால் சி டிரைவில் விண்டோஸுக்குள் சிஸ்டம்32 திறக்கும், சில சமயம் சிஸ்வாவ்64. வேறு எங்கே திறந்தாலும் போலி.

பழைய மானிட்டர்:
இதற்கு இவ்வளவு எதற்கு? பிராப்பர்ட்டீஸில் தயாரித்தவர் கையெழுத்தைக் காட்டுகிற டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் டேப் இல்லையா, வைரஸ். முடிந்தது.

அரசலாறு:
அப்படிப் பார்த்தால் நோட்பேடும் வைரஸ்தான். நிறைய விண்டோஸ் ஃபைல்களுக்குக் கையெழுத்து ஃபைலுக்குள் இருக்காது, தனியாக ஒரு கேட்டலாக் ஃபைலில் இருக்கும், அதனால் டேப் வராது. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் கெட்-ஆதன்டிகோட்சிக்னேச்சர் போட்டுப் பார்த்தால் வேலிட் என்று காட்டும். ஃபைலை ஏற்றினால் பல ஆன்டிவைரஸில் சோதித்துச் சொல்கிற வைரஸ்டோட்டல் தளத்திலும் பார்க்கலாம், ஆனால் கடைக்காரர்கள் ஒன்று கவனியுங்கள்: சந்தேகம் என்று ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன் எதையும் அங்கே ஏற்றிவிடாதீர்கள். ஏற்றிய ஃபைலை அங்கே காசு கட்டுகிற நிறுவனங்கள் இறக்கிக்கொள்ள முடியும். செர்ட்யூட்டில் கட்டளையில் ஹாஷ், அதாவது ஃபைலின் கைரேகை மாதிரியான எண்ணை எடுத்து, அதை மட்டும் அங்கே தேடினால் போதும்.

மன்னை ஜெராக்ஸ்:
ஆமாம் சார், அங்கேயே வி-க்கு முன்னால் சி தான் இருக்கிறது. ஆப்டேட்டா, ரோமிங் என்று எங்கேயோ போகிறது. ஐகான் மஞ்சள் ஃபோல்டர் மாதிரியே இருக்கிறது, பக்கத்தில் டைப் என்ற இடத்தில் மட்டும் அப்ளிகேஷன் என்று போட்டிருக்கிறது. நேற்று ஒருவர் பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவ் கொடுத்தார், உள்ளே ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக இருந்தது. திறக்கவில்லையே என்று நான்தான் இரண்டு மூன்று தடவை அழுத்தினேன்.

அரசலாறு:
அதுதான் வந்த வழி. முதலில் நெட் ஒயரைப் பிடுங்குங்கள். அந்த மிஷினில் பேங்க், போர்ட்டல் எதிலும் லாகின் வேண்டாம். டிஃபெண்டரை ஆன் செய்து ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும், சுமார் 15 நிமிடம். அது முடிந்த பிறகு வேறு மிஷினில் இருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அவர் பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடாதீர்கள், ஃபைல்கள் பெரும்பாலும் ஹிட்டனாக உள்ளேயே இருக்கும், அட்ரிப் கட்டளையில் வெளியே கொண்டுவந்துவிடலாம். அப்புறம் எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை டிக் செய்து வையுங்கள், இனிமேல் ஃபோல்டர் வேஷம் போட்டு வந்தால் கண்ணில் படும்.

பழைய மானிட்டர்:
எஸ்விசிஹோஸ்ட் பற்றி நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறு இல்லை.

குடமுருட்டி:
ஒரு எழுத்துதான் சார் தவறு.

வெட்டாறு வயர்மேன்:
எதற்கும் எர்த்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மன்னை ஜெராக்ஸ்:
மூன்று பிடித்தது, எடுத்தாயிற்று. இப்போது ஸ்பீடாக இருக்கிறது. அன்றைக்கு நின்றவர்களுக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். பென்டிரைவ்காரர் இன்னும் வரவில்லை. எல்லாருக்கும் நன்றி, கூட்டம் நிற்கிறது.

கடைமடை டிடிபி:
டிஃபெண்டரை ஆன் பண்ணிய பிறகு அந்த டைப்பிங் சாஃப்ட்வேர் ஓடுகிறதா, பிடித்துத் தள்ளிவிட்டதா? எனக்கும் அதே பிரச்சினைதான்.

கடைமடை டிடிபி:
சார், இருக்கீங்களா?